டெல்டாவில் ஸ்கேட்டிங் தளம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் (சக்கரக் காலணி விரைவோட்ட) போட்டியில், 1,000 மீட்டர் ஸ்பிரிண்டை 1 நிமிடம் 24.924 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார் சென்னை வீரர் ஆனந்த்குமார் வேல்குமார். 500 மீட்டரில் வெண்கலம். பெருமையான செய்தி.

நம் டெல்டா பிள்ளைகளோ தெருவில் ஓட்டுகிறார்கள். மணல் சிதறிய சாலையில் உதைக்கும்போது சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கும். சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங்குக்குள் தூசு புகுந்தால் சுழற்சி இறுகும். ஐப்பசி மழையில் நனைந்த பேரிங்கைக் கழற்றித் துடைக்காமல் வைத்தால் துருவேறிவிடும். தளப் பந்தயத்தில் இடப்பக்கமே திரும்புவதால் சக்கரம் ஒருபுறமாகத் தேயும். ஒரே வரிசையில் உள்ள நான்கு சக்கரங்களில் முதலாவதை மூன்றாவதோடும், இரண்டாவதை நான்காவதோடும் மாற்றி, தேய்ந்த விளிம்பு மறுபுறம் வரும்படி திருப்பிப் பூட்ட வேண்டும்.

இவையெல்லாம் வீட்டிலேயே செய்யலாம். வளைவில் சரிவு வைத்த 200 மீட்டர் தளத்தை அரசுதான் தர முடியும். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ அமைத்துத் தாருங்கள்.

ஸ்கேட்டிங் பயிற்சியாளர்கள்,
தஞ்சாவூர்