மண்டபம் ஊர்க் குளிர் அறைக்கு எந்த கேஸ்?

அன்புள்ள அந்தோணி,

மீன் வைக்கும் அறைக்கு பஃப் பேனல் (குளிரை உள்ளேயே தடுத்து நிறுத்தும் நுரைப் பலகை) ஏற்றியாயிற்று, கூரையில் 10 கிலோவாட் சோலாரும் வருகிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். குளிரூட்ட நிரப்பும் கேஸை மட்டும் மெக்கானிக் இஷ்டத்துக்கு விட்டுவிடாதே.

அவர் சொன்ன ஆர்-404ஏ ஒரு கிலோ கசிந்தால் சுமார் 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். உன் யூனிட் 8 கிலோ பிடிக்கும். மொத்தமும் போனால் 31 டன். சோலார் வருஷத்துக்கு 15,000 யூனிட் தந்தாலும், யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று போட்டால் மிச்சம் பத்தரை டன்தான். மூன்று வருஷ வெயில் குழாயை இணைக்கும் ஒரு ஃப்ளேர் நட்டு வழியே போய்விடும்! எரிசக்திப் பேச்சு எல்லாம் நிலக்கரியிலேயே நின்றுவிடுவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த வகை கேஸ்களைக் குறைக்கும் உலக ஒப்பந்தமான கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது; 2028-ல் அவற்றுக்கு உச்சவரம்பு, 2032 முதல் குறைப்பு. அப்புறம் நிரப்பக் கிடைக்கிற விலையை யோசித்துக்கொள்.

ஐஸ் பிளான்ட்டில் ஓடும் அமோனியாவுக்கு இந்தச் சுமையே கிடையாது, கசிந்தால் மூக்கே சொல்லிவிடும். ஆனால் விஷம், உன் அளவு அறைக்கு வேண்டாம். ஆர்-449ஏ கேள், அது கிலோவுக்குச் சுமார் 1,400 கிலோதான். கம்ப்ரஸர் கம்பெனி அதற்கு ஒப்புதல் தந்திருக்கிறதா என்று முதலில் பார்.

நம் கரையில் கசிவுக்கு வேர் உப்புக்காற்று. சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாக உதிரும், சூடு வெளியேறாது, பிரஷர் ஏறும், கம்ப்ரஸர் அதிரும், கடைசியில் மூட்டு விடும். மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய மணலும் தெரிந்தால் ஓட்டை அங்கேதான். 'கேஸ் கம்மி' என்று ஆறு மாசத்துக்கு ஒருமுறை நிரப்புகிறவரை நம்பாதே. கேஸ் தேய்கிற பொருள் இல்லை. கண்டென்சரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதே, பூச்சுப் போட்ட தகடு வாங்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவு. போர் தண்ணீர் உப்பென்றால் அதைத் தொடாதே.

கேஸ் ஏற்றும் முன் நைட்ரஜன் அடைத்து 24 மணி நேரம் விடச் சொல். கேஜோடு அந்த நேர வெப்பத்தையும் குறித்துக்கொள். ராத்திரி குளிரில் முள் கொஞ்சம் இறங்கும், அது கசிவல்ல. மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு, வேக்கம் கேஜில் 500 மைக்ரான் வரை காற்றை இழுத்து, வால்வை மூடிக் கவனி. அந்த அளவு மறுபடி ஏறிக்கொண்டே போனால் ஈரமோ ஓட்டையோ பாக்கி. கலவை கேஸ் என்பதால் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும்.

நைட்ரஜன் சிலிண்டர் இல்லாமல் வந்து நின்றால், டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடு.

அன்புடன்,
முருகேசன்