'தானாகவே மோதியது' என்று எழுதிய அதிகாரிகளுக்கு

என் காருக்குக் காப்பீடு தந்திருக்கும் நிறுவனத்தின் கிளெய்ம் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். என் விபத்து கிளெய்மின் கோப்பு உங்களிடம் இருக்கிறது. டேஷ்கேம் வீடியோவையும் இரண்டு முறை அனுப்பிவிட்டேன். பழைய மெட்ராஸ் ரோட்டில், சுவாமி விவேகானந்தா ரோடு மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், ராங் சைடில் ஒரு ஸ்கூட்டர் நேரே என்னை நோக்கி வந்தது. அதில் முன்னால் நின்றிருந்த குழந்தைக்கு நான்கு வயதுகூட இருக்காது. கழுத்தில் மஞ்சள் தண்ணீர் பாட்டில். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். கார் மெட்ரோ தூணின் சிமென்ட் தடுப்பில் இடித்து நின்றது. ஸ்கூட்டர் நிற்கவில்லை. அதன் நம்பர் வீடியோவில் தெளிவாக விழவில்லை.

சேதத்தை மதிப்பிட வந்த உங்கள் சர்வேயர் நசுங்கிய பம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டே கேட்டார்: "லேசா இடிச்சிருந்தா அந்த வண்டி நம்பராவது கிடைச்சிருக்குமே சார்?" கெட்ட மனிதர் இல்லை, வேலையாகத்தான் கேட்டார். ஆனால் நான் எதை இடித்திருக்க வேண்டும்? அந்த மஞ்சள் பாட்டிலையா? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ரிப்போர்ட்டில், "எதிர் வாகனம் இல்லை, வண்டி தானாகவே தடுப்பில் மோதியது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருடம் ஒரு கிளெய்மும் கேட்காமல் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி, இப்போது பூஜ்யம். பம்பர் பிளாஸ்டிக் என்று பாதி விலையைத் தேய்மானத்தில் கழித்தீர்கள். அது பாலிசியிலேயே இருக்கிறது, அதைக் கேட்கவில்லை. போனஸைத்தான் கேட்கிறேன்.

தவறு யாருடையதானாலும் கிளெய்ம் வாங்கினால் போனஸ் போகும், அதுதான் விதி என்கிறீர்கள். எதிர்த்திசையில் ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் 2019-இலேயே சேர்த்துவிட்டார்கள். அதுவும் விதிதானே? ஒரு யூ டர்னை மிச்சம் பிடிக்கப் பிள்ளைகளை முன்னால் நிறுத்திக்கொண்டு எதிரே வருகிறார்கள். தினம் காலையில் பள்ளி நேரத்தில் இதுதான் நடக்கிறது. தடுக்க ஆளில்லை. தடுக்காதவர்களுக்கு நஷ்டமில்லை, ஒதுங்கியவனுக்குத்தான் தண்டம்.

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: வீடியோவை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். 'தானாகவே' என்ற சொல்லை எடுத்துவிட்டு, எதிரே வந்த ஸ்கூட்டரைத் தவிர்க்கத் திரும்பியபோது மோதியது என்று எழுதுங்கள். அதை வைத்து என் போனஸைத் திரும்பத் தாருங்கள். பாலிசியைப் புதுப்பிக்க இன்னும் 19 நாள் இருக்கிறது. அதற்குள் எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.