வசந்திக்கு, பெக்கி ஆஷ்கிராஃப்ட் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கண்ணில் புரை ஆபரேஷன் செய்துகொண்டேன், படிக்காதே எழுதாதே என்று டாக்டர் கட்டிப்போட்டுவிட்டார். இப்போது இடது கண் பளிச்சென்று தெரிகிறது, கூடவே வீட்டுச் சுவர் எவ்வளவு அழுக்கு என்பதும் தெரிகிறது. வெள்ளையடிக்க வேண்டும் என்றால் இவர் காதிலேயே வாங்குவதில்லை. உன் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். என்ன பெயர் வைத்தீர்கள்? நாலு பக்கம் எழுதியவள் அதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 'எ பாஸேஜ் டு இந்தியா' படத்தில் மிஸஸ் மூராக வரும் அந்த அம்மா யார், வயதான பிறகு நடிக்க வந்தவரா என்று கேட்டிருந்தாய். அவர் பெயர் பெக்கி ஆஷ்கிராஃப்ட். 18 வயதில் மேடையேறி, அந்தப் படத்தில் நடிக்கும்போது அரை நூற்றாண்டுக்கும் மேல் நாடகத்தில் கழித்திருந்தவர். லண்டன் நாடக ரசிகர்கள் மூன்று தலைமுறையாகக் கொண்டாடியவரை உலகத்தின் மற்ற பகுதிகள் 77 வயதில் ஆஸ்கர் வாங்கியபோதுதான் திரும்பிப் பார்த்தன. துணை நடிகைக்கான ஆஸ்கரை அந்த வயதில் வாங்கியவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. அதை வாங்கக்கூட அவர் நேரில் போகவில்லை, அவர் சார்பில் ஏஞ்சலா லான்ஸ்பரி மேடையேறி வாங்கிக்கொண்டார்.

1907 டிசம்பரில் லண்டனை ஒட்டிய கிராய்டனில் பிறந்தார். அப்பா முதல் உலகப் போரில் 1918-இல் இறந்துபோனார். அம்மாவுக்கு நாடகத்தில் ஆசை உண்டு, தொழிலாகச் செய்ததில்லை. பெண் 16 வயதில் எல்சி ஃபோகர்டி நடத்திய சென்ட்ரல் ஸ்கூல் என்ற நாடகப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே கூடப் படித்தது யார் தெரியுமா, பிற்காலத்தில் பெரிய நடிகரான லாரன்ஸ் ஒலிவியே. 1926-இல் பர்மிங்காம் ரெப்பர்டரி தியேட்டரில் முதல் மேடை.

1930-இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சவாய் தியேட்டரில் 'ஒதெல்லோ' போட்டார்கள். ஒதெல்லோவாக பால் ராப்சன், அமெரிக்கக் கறுப்பினத்தவர், அந்தக் குரலை நீ ரெக்கார்டில் கேட்டிருப்பாய். அவன் மனைவி டெஸ்டிமோனாவாக நம் பெக்கி, 22 வயது. எமிலியாவாக சிபில் தார்ன்டைக், ரோடரிகோவாக ரால்ஃப் ரிச்சர்ட்சன் என்று பெரிய ஆட்களும் இருந்தார்கள். ஆனால் கறுப்பர் ஒருவர் வெள்ளைக்காரப் பெண்ணை மேடையில் முத்தமிடுவதா என்பதுதான் அன்றைக்கு ஊரில் பேச்சு. பெக்கிக்கு வசைக் கடிதங்கள் வந்தன. தியேட்டரை ஒட்டியே இருந்தது சவாய் ஹோட்டல். தியேட்டர் வாசலில் ராப்சன் பெயர் கொட்டை எழுத்தில் நிற்க, பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு இடமில்லை. அது அந்தப் பெண்ணின் மனசில் ஆழமாகத் தைத்துவிட்டது. கடைசிவரை மனித உரிமைக்கும் தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராகவும் குரல் கொடுத்தவர் என்று அவரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த டெஸ்டிமோனாதான் ஞாபகம் வரும். நாடகம் எப்படி இருந்தது என்றால், அவர் மேடைக்கு வந்ததும் தியேட்டர் விளக்கெல்லாம் ஒரேயடியாக எரிந்தது போலிருந்தது என்று நடிகர் ஜான் கீல்குட் பிற்காலத்தில் சொன்னார். சொன்னவர் சாதாரண ஆள் இல்லை.

அந்த கீல்குட் 1935-இல் நியூ தியேட்டரில் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' இயக்கினார். ஜூலியட் பெக்கிதான். ரோமியோவாக யார் என்று கேட்டால் பதில் எப்போது போய்ப் பார்த்தாய் என்பதைப் பொறுத்தது! முதலில் ஒலிவியே ரோமியோ, கீல்குட் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ. சில வாரம் கழித்து இருவரும் வேஷத்தை மாற்றிக்கொண்டார்கள். கீல்குட் வசனத்தைப் பாட்டுப்போல் இழைத்துச் சொல்கிறவர், ஒலிவியே தெருச் சண்டைக்காரப் பையன்போல் கொட்டுகிறவர். இரண்டுக்கும் ஈடு கொடுத்து பெக்கி நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட காட்சிகள் நடித்திருக்கிறார். யார் உசத்தியான ரோமியோ என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள், இருவரையும் தாங்கி நின்ற ஜூலியட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அதே வருஷம் ஹிட்ச்காக்கின் 'தி தர்டி நைன் ஸ்டெப்ஸ்' படம் வந்தது. ஸ்காட்லாந்துக் குடிசையில் சந்தேகப் பிராணியான கிழட்டுப் புருஷனோடு காலம் தள்ளும் இளம் பெண்ணாக வந்து போவார். போலீஸ் துரத்தும் கதாநாயகனைக் கொல்லைப்பக்கமாகத் தப்பிக்க விடும்போது, உன் கோட்டு வெளிர் நிறம், கண்ணில் பட்டுவிடுமே என்று புருஷனின் கோட்டைக் கொடுத்தனுப்புவாள். அந்தக் கோட்டுப் பையில் இருந்த கீர்த்தனைப் புத்தகம்தான் பிறகு அவன் நெஞ்சில் பாய வந்த குண்டைத் தடுத்து நிறுத்தும். மொத்தம் பத்து நிமிஷம் வருவாரா, அவ்வளவுதான். லண்டன் நகரத்துக் கதை கேட்க ஆசைப்படும் அந்தக் கண்ணையும், அவன் போனபிறகு தனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தும் கோட்டை நீட்டும் அந்தக் கையையும் பார். இளமையில் அவர் எப்படி நடித்தார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் சாட்சி அநேகமாக இவ்வளவுதான். மேடையில் நடித்ததெல்லாம் பார்த்தவர்களோடு போய்விட்டது.

கல்யாணத்தையும் நீ கேட்பாய் என்று தெரியும். மூன்று. பதிப்பாளர் ரூபர்ட் ஹார்ட்-டேவிஸ், ரஷ்ய இயக்குநர் கொமிஸார்ஷெவ்ஸ்கி, அப்புறம் வக்கீல் ஜெரமி ஹட்சின்சன். மூன்றாவதுதான் நீடித்தது, 25 வருஷம், இரண்டு குழந்தைகள், அதுவும் 1965-இல் முறிந்தது. பேத்திகளில் ஒருவர் பிரான்ஸில் பாடகி, எமிலி லுவாஸோ.

நடுவில் ஐம்பதுகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 'தி டீப் ப்ளூ ஸீ', நார்வே எழுத்தாளர் இப்சனின் 'ஹெட்டா கேப்ளர்' என்று வரிசையாக நாடகங்கள். ஹெட்டாவுக்காக நார்வே அரசரே தங்கப் பதக்கம் கொடுத்தார், 1956-இல் பிரிட்டிஷ் அரசின் 'டேம்' பட்டம். இத்தனையும் வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. 1960-இல் பீட்டர் ஹால் என்கிற இளம் இயக்குநர், முப்பதைக்கூடத் தொடாதவர், ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் நிரந்தரக் குழு ஒன்றை உருவாக்கப் பார்க்கிறார், அடுத்த ஆண்டு அதற்கு ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்று பெயர் வந்தது. நட்சத்திர நடிகையாகத் தனியாக நின்றிருக்கலாம், இவரோ குழுவில் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார். இவர் வந்ததால் மற்றவர்களும் வந்தார்கள். முதல் வருஷமே 'டேமிங் ஆஃப் த ஷ்ரூ'வில் 52 வயதில் அடங்காப்பிடாரி கேத்தரீன், ஜோடி பீட்டர் ஓ'டூல், அவருக்கும் முப்பது ஆகவில்லை. நம் ஊரில் கதாநாயகனுக்கு அறுபது, கதாநாயகிக்கு இருபது என்று பார்த்துப் பழகிய நமக்கு இது சந்தோஷமான மாற்றம், இல்லையா?

அப்புறம் 1963-இல் 'தி வார்ஸ் ஆஃப் த ரோஸஸ்', ஆறாம் ஹென்றி நாடகங்களையும் மூன்றாம் ரிச்சர்டையும் சேர்த்துச் சுருக்கியது. அதில் அரசி மார்கரெட். பிரெஞ்சு இளவரசியாகக் கல்யாணத்துக்கு வரும் சின்னப் பெண், காதலனின் வெட்டிய தலையை மடியில் வைத்து அழுகிறவள், எதிரியின் தலையில் காகிதக் கிரீடம் வைத்துக் கேலி செய்கிறவள், கடைசியில் எல்லோரையும் சபித்துக்கொண்டு திரிகிற பைத்தியக்காரக் கிழவி. இந்த முழு வாழ்க்கையையும் 55 வயது உடம்பை வைத்துக்கொண்டு நடித்தார். நல்லவேளை, பிபிசி இதைப் படமெடுத்து 1965-இல் ஒளிபரப்பியது. எழுபதுகளில் சாமுவேல் பெக்கெட்டின் 'ஹேப்பி டேஸ்', புதிதாகக் கட்டிய நேஷனல் தியேட்டரில். இடுப்பு வரைக்கும், பிறகு கழுத்து வரைக்கும் மண்ணில் புதைந்துபோய், தலையை மட்டும் வைத்துக்கொண்டு ஓயாமல் பேசும் பெண். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், காரணம் இருக்கிறது.

1982-இல் மேடையை விட்டார், அதன் பிறகுதான் நம் நாடு வருகிறது. கிரனாடா டெலிவிஷன் பால் ஸ்காட்டின் நாவல்களை 'தி ஜுவல் இன் த க்ரௌன்' என்று 14 பகுதித் தொடராக எடுத்தது, அதற்காக இந்தியா வந்தார். திரும்பிப் போய் மூச்சு விடுவதற்குள் 'எ பாஸேஜ் டு இந்தியா'வின் இயக்குநர் டேவிட் லீன் கூப்பிட்டார். லீன் இவரைவிட மூன்று மாதம்தான் இளையவர், அதனால் வயதைச் சாக்குச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. மறுபடி இந்தியா. கதையில் வரும் குகைகளை பெங்களூர் பக்கத்துப் பாறைகளில் எடுத்தார்கள். கதையின் இந்திய டாக்டர் அஸீஸ் பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டு வரும் அந்த ரயில் உங்கள் நீலகிரி மலை ரயில்தான்டி. பார்க்கும்போது கண்டுபிடித்தாயா இல்லையா?

மிஸஸ் மூரில் அவர் செய்வது பெரும்பாலும் கேட்பது. மசூதியில் அஸீஸ் கத்தும்போது, செருப்பைக் கழற்றிவிட்டேன் என்று அவர் சொல்லும் விதத்தில் பணிவும் இல்லை, பெருமையும் இல்லை. குகைக்குள் எதிரொலி கேட்டு வெளியே வந்து உட்காருகிறாரே, அந்த முகத்தில் கடவுள் நம்பிக்கை உதிர்ந்துபோவதை வசனமில்லாமல் காட்டிவிடுகிறார். எல்லாம் சரி. ஆனாலும் அந்தப் படத்தில் எனக்கு முழு ஒட்டுதல் வரவில்லை. ஆங்கிலேய நடிகர் அலெக் கின்னஸ் முகத்தில் மைபூசிக்கொண்டு பேராசிரியர் கோட்போலேயாக வந்து தலையாட்டும்போது எரிச்சல்தான் வருகிறது. மிஸஸ் மூரும் போகப்போக ஆளாக இல்லாமல் ஏதோ ஞானியாக ஆகிவிடுகிறார்.

என் ஓட்டு தொடரில் அவர் நடித்த பார்பி பேச்சலருக்கு. ஓய்வுபெற்ற மிஷன் பள்ளிக்கூட ஆசிரியை. பணமில்லை, குடும்பமில்லை, மலை நகரத்தில் மேபல் லேட்டன் என்ற வசதியான அம்மாவுக்குத் துணையாக வந்து தங்குகிறாள். ஓயாத பேச்சு. பேச்சை நிறுத்தினால் நீ இங்கே எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்கிற பயம். ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் அவளைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, நாம் வேலை பார்த்த பள்ளியில் ஹாஸ்டல் வார்டனை மற்ற டீச்சர்கள் பார்த்த அதே பார்வை. மேபல் இறந்ததும் அவளைச் சாமானோடு வெளியேற்றுகிறார்கள். தன் மிஷன் வாழ்க்கை மொத்தத்தையும் அடைத்து வைத்த டிரங்குப் பெட்டியை ஜட்காவில் ஏற்றி மழையில் மலையிறங்கும்போது விபத்து, அதன் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோகிறது. கிட்டத்தட்ட அறுபது வருஷம் குரலுக்காகவே கொண்டாடப்பட்ட ஒரு நடிகை, குரல் போன பெண்ணாக நடிப்பதைப் பார்க்கிறோம். மண்ணில் புதைந்து கொண்டே பேசியவளைச் சொன்னேனே, அவளும் இதற்குள் எங்கேயோ இருக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆஸ்கர்க்காரர்கள் தொலைக்காட்சிக்குப் பரிசு தருவதில்லை, ஆனால் பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி அமைப்பான பாஃப்டா இந்த வேஷத்துக்கும் பரிசு கொடுத்தது, மிஸஸ் மூருக்கும் கொடுத்தது.

1991 ஜூனில், 83 வயதில் இறந்தார். கிராய்டனில் அவர் பெயரில் ஒரு தியேட்டர் இருக்கிறது, அது 1962-இலேயே, அவர் நடித்துக்கொண்டிருந்தபோதே வைத்த பெயர்.

தொடரை நீ பார்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆரம்பப் பகுதிகளில் பார்பி வர மாட்டாள், அங்கே கதை வேறு ஆட்களைச் சுற்றிப் போகும், சலித்துப்போய் நிறுத்திவிடாதே. உன் மகனிடம் சொன்னால் லேப்டாப்பில் போட்டுக் கொடுப்பான். பார்த்துவிட்டு எழுது. மிஸஸ் மூர்தான் உசத்தி என்று எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் ஏன் என்று காரணத்தோடு எழுது, சும்மா ஆஸ்கர் கிடைத்ததே என்று எழுதாதே. குழந்தையின் போட்டோவும் அனுப்பு.

அன்புடன்,
உன் மீனா