யானை வெடி வெடித்த ராத்திரி: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்ற ராத்திரி, எனக்கு ஒரு டம்ளர் சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தீங்க. இஞ்சி தட்டிப் போட்டு, பால் இல்லாமல், சீனியைத் தனியாக என் உள்ளங்கையில் வைத்து. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் கொடுப்பீங்க. வாங்கிக் குடித்தேன், ஒரு வார்த்தை பேசாமல் போர்த்திப் படுத்தேன், விடிவதற்குள் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். பொங்கலுக்கு மேலே வந்து மூன்று நாள் இருந்தும் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று அம்மா கேட்டாள். 2011-இல் நான் செய்ததை நம் தேயிலைத் தோட்டத்து லைனே, அந்தக் குடியிருப்பு வரிசையே பார்த்தது. அன்றைக்கு என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள் இன்று திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை. மும்பை வான்கடேயில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எனக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிந்த நேரம். நீலகிரி மலைமேல் நம் பந்தலூரில் சாயங்காலம் மழை இறங்கினால் எங்கள் வீட்டு டிஷ்ஷில் படம் நிற்காது. நம் வரிசையில் நல்ல டிவி உங்கள் வீட்டில்தான். இருபது பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தோம். அத்தை கடலை அவித்து வைத்திருந்தாள். இந்தியா ஜெயிப்பதைப் பார்க்க வந்த இருபது பேருக்கு நடுவில் இலங்கை ஜெயிக்கவேண்டும் என்று உட்கார்ந்திருந்தது நீங்க ஒருத்தர். உங்கள் வீட்டில், உங்கள் பாயில்.

இலங்கை கேப்டன் சங்கக்கார கேட்டது கூட்டத்தின் சத்தத்தில் கேட்கவில்லை என்று டாஸையே இரண்டு தடவை போட்டார்கள். ஜெயவர்தன ஆட்டமிழக்காமல் 103. அதை ஆட்டம் என்று சொல்லக்கூடாது, அத்தனை அழகு. இன்று சொல்கிறேன், அன்று ஒவ்வொரு பவுண்டரிக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இலங்கை 274. அப்புறம் மலிங்க இரண்டாவது பந்திலேயே சேவாக்கைத் தூக்கினார். சச்சின் 18-இல் போனபோது 31-க்கு 2. வீட்டில் மூச்சுச் சத்தம் இல்லை. நீங்க கையைத் தட்டவில்லை, வாயைத் திறக்கவில்லை. எழுந்துபோய் எங்களுக்குத் தண்ணீர் மொண்டு வந்து வைத்தீங்க. சந்தோஷத்தை எங்கள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளத்தான் எழுந்து போனீங்க என்று எனக்குப் புரிய பன்னிரண்டு வருஷம் ஆனது.

கம்பீர் 97, தோனி 91. குலசேகரவை அந்த சிக்ஸர் அடித்ததும் நாங்கள் வெளியே ஓடினோம். தோட்டத்து வாச்சர் வீட்டில், யானை லைனுக்குள் வந்தால் விரட்டப் போடுவதற்காக வைத்திருந்த அணுகுண்டு வெடிகள் இருந்தன. அதை எடுத்துவந்து உங்கள் வாசலில் வைத்துக் கொளுத்தியது நான்தான். வேறு வாசல் இல்லாமல் இல்லை. வேண்டுமென்றே உங்கள் வாசலில். ஒன்றில்லை, பெட்டி முழுக்க. ஒவ்வொரு வெடிக்கும் உங்கள் கூரைத் தகரம் அதிர்ந்தது.

மறுநாள் காலையில் குழாயடியில் என்னைப் பார்த்து, “ராத்திரி யானை வந்துச்சா மருமவனே?” என்று கேட்டீங்க. அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். காலேஜில், ஆபீஸில், எத்தனை பேரிடம் இதை வேடிக்கையாகச் சொல்லியிருப்பேன்! உள்ளே நீங்க எப்படி இருந்தீங்க என்று அம்மா இந்தப் பொங்கலுக்குத்தான் சொன்னாள். நாங்கள் வெடித்துக்கொண்டிருந்தபோது டிவி சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தீங்களாம். அத்தை நிறுத்தச் சொன்னதற்கு, “முரளி இனி வரமாட்டான், இருந்து பார்த்துட்டு நிறுத்துறேன்” என்றீங்களாம்.

அது முரளிதரனின் கடைசி சர்வதேச ஆட்டம். 8 ஓவர், 39 ரன், விக்கெட் இல்லை. எங்களுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

நான் பிறந்தது இங்கே. இந்தியா தோற்றால் எனக்கு வலிக்கும், அதற்குக் காரணம் யாரும் கேட்கமாட்டார்கள். உங்களிடம்தான் எல்லோரும் காரணம் கேட்டார்கள். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப சாஸ்திரி, சிறிமாவோ போட்ட 1964 ஒப்பந்தம் உங்கள் பதிமூன்றாவது வயதில் உங்களைக் கப்பல் ஏற்றியது. தலைமன்னாரில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, தாத்தாவுக்கு அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலை என்று இந்த மலைக்கு வந்தீங்க. அங்கே உங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள். அம்மா ஐந்து வயதில் வந்தவள், அவளுக்கு அந்த ஊர் ஞாபகமே இல்லை என்பாள். உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வேலைக்கு ஆள் கூப்பிடப் பெரட்டுத் தப்பு அடிக்கிற நேரம், லயத்துக்குப் பின்னால் இருந்த கொய்யா மரம், வாத்தியார் பெயர், எல்லாம்.

2009-இல் இலங்கைப் போர் முடிந்த பிறகு அந்தக் கேள்வி கூர்மையானது. தமிழனாக இருந்துகொண்டு அந்த நாட்டுக்கா கை தட்டுகிறாய் என்று தெரிந்தவர்களே கேட்டார்கள். 2013-இல் ஐபிஎல்லில் இலங்கை ஆட்டக்காரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்று ஆனபோது, டீக்கடையில் ஒருவர் உங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார். கேட்டவருக்குக் கோபப்பட நியாயம் இருந்தது, நீங்களும் அந்தச் சாவுகளுக்கு அழுதவர்தான். அவரிடம் பதில் சொல்லவில்லை. டீக்குக் காசு வைத்துவிட்டு நடந்தீங்க. எனக்கு அப்போது உங்கள் மேல்தான் கோபம். ஏன் இந்த மனுஷன் ஒரு காரணமாவது சொல்லக்கூடாது?

காரணத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், தெரியாமல். கண்டியில் அஸ்கிரிய மைதானத்தில் ஆட்டம் என்றால், பின்னால் பல்லேகலையில் ஆட்டம் என்றால், நீங்க பந்தைப் பார்க்கவே மாட்டீங்க. பவுலர் திரும்பி நடக்கும்போது கேமரா கொஞ்சம் மேலே போகும் இல்லையா, அந்த நேரத்துக்காகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பீங்க. திரையில் விரலை வைத்து, “அந்த மலைக்கு அங்கிட்டுத்தான் நம்ம தோட்டம்” என்பீங்க. கேமரா கீழே இறங்கிவிடும். “எடுத்துட்டான் பாரு” என்பீங்க. இலங்கை டாஸ் ஜெயிக்கவேண்டும், ஐந்து நாளும் ஆட்டம் நடக்கவேண்டும், மழை வரக்கூடாது என்று நீங்க வேண்டிக்கொண்டதெல்லாம் எதற்கு என்று இப்போது தெரிகிறது. ஆட்டம் நடந்தால்தானே மலை தெரியும்.

முரளி அந்த மலைக்காரர் என்பதால்தான் அவர்மேல் அவ்வளவு உயிர். கண்டியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, தாத்தா இங்கிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். 1995 டிசம்பர் 26, மெல்போர்னில் அம்பயர் டேரல் ஹேர், முரளி பந்தை எறிகிறார் என்று மூன்று ஓவருக்குள் ஏழு தடவை நோ-பால் சொன்னதை நீங்க ரேடியோவில் கேட்டீங்களாம். அன்றைக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாருடனும் பேசவில்லை என்று அத்தை சொல்வாள். அதே மனுஷன் 2010 ஜூலை 22 அன்று இலங்கையின் காலி மைதானத்தில் தன் டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்தில் ஓஜாவை எடுத்து 800 விக்கெட் தொட்டார். எதிரணி இந்தியா. நான் ஸ்கூலில் இருந்தேன், வந்ததும் ஜிலேபிப் பொட்டலத்தை நீட்டினீங்க. இந்தியா தோற்ற கோபத்தில் தொடமாட்டேன் என்றேன். அந்த ஜிலேபியையும் இந்தக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்க மாமா, அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் கணக்கை நான் இப்போது உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 1996 உலகக் கோப்பையில் கொல்கத்தா அரையிறுதி, 98-க்கு 1 என்றிருந்த இந்தியா 120-க்கு 8 ஆகி, கூட்டம் பாட்டில் எறிந்து ஆட்டமே நின்றது. அடுத்தவர் வீட்டு டிவி, நீங்க பாதியிலேயே எழுந்து வந்துவிட்டீங்க. நாலு நாள் கழித்து லாகூரில் அரவிந்த டி சில்வா சதம் அடித்துக் கோப்பை. அதோடு சரி. 2007 பார்படாஸ், இருட்டில் முடிந்த இறுதி ஆட்டம், கில்கிறிஸ்ட் 149. 2009 லார்ட்ஸ். 2011 மும்பை. 2012 கொழும்பு, சொந்த மண்ணில். ஆறு வருஷத்தில் நாலு உலகக் கோப்பை இறுதி ஆட்டம் தோற்ற அணியை ஒரு மனிதன் எப்படித் தொடர்ந்து பார்ப்பான்? 2014-இல் டாக்காவில் டி20 உலகக் கோப்பை இறுதியில் எங்களை ஜெயித்தபோதாவது நீங்க வாசலில் ஒரு மத்தாப்புக் கொளுத்தியிருக்கலாம். என் வாசலில் கொளுத்த உங்களுக்கு முழு உரிமை இருந்தது. அன்றைக்கு நீங்க என் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்கு வலிக்கும் என்று.

2022 செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை ஜெயித்த ராத்திரி மட்டும் உங்களை அடக்க முடியவில்லை. அந்த வருஷம் இலங்கை மலையகத்தில், அட்டனில் உங்கள் பெரியம்மா மகன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற கதையைப் போனில் கேட்டுக் கேட்டு நீங்க இளைத்துப்போயிருந்தீங்க. முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானிடம் 105-க்குச் சுருண்ட அணி அது. பாகிஸ்தானோடு இறுதி ஆட்டத்தில் 58-க்கு 5. பானுக ராஜபக்ச நின்று 71 அடித்தார். முடிந்ததும் அந்த நேரத்தில் அட்டனுக்குப் போன் போட்டீங்க. இரண்டு பக்கமும் பேச்சே இல்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் ஐந்து நிமிஷம் கேட்டது என்று அத்தை சொன்னாள்.

அடுத்த வருஷமே கொழும்பில் ஆசியக் கோப்பை இறுதி, 50-க்கு ஆல் அவுட், சிராஜ் 6. அப்புறம் நவம்பர் 2, உலகக் கோப்பையில் இந்தியாவோடு. அதே வான்கடே. பும்ராவின் முதல் பந்திலேயே விக்கெட், 3 ரன்னுக்கு 4, மொத்தம் 55. நான் போன் போட்டேன், நீங்க எடுக்கவில்லை. அத்தை எடுத்து, “இனி கிரிக்கெட் வேண்டாம்னுட்டாரு, டிஷ்ஷுக்குப் பணம் கட்டாதேன்னுட்டாரு” என்றாள். எட்டு நாளில் ஐசிசி இலங்கை வாரியத்தையே இடைநீக்கம் செய்தது. அதைப் பேப்பரில் படித்துவிட்டு மடித்து அடுப்புப் பக்கம் போட்டீங்களாம்.

அப்படி இருந்தவர் நவம்பர் 19 அன்று எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தீங்க. எனக்காக.

அதுவரை இந்தியாவுக்குப் பத்து ஆட்டம், பத்தும் வெற்றி. பத்துக்கும் ஒரே நீலச் சட்டை, துவைக்காமல் வைத்திருந்தேன். ரோகித் அடித்ததை ஹெட் பின்னோக்கி ஓடிப்போய்ப் பிடித்தபோதே வயிற்றில் ஒன்று இறங்கியது. முதல் பத்து ஓவருக்குப் பிறகு மொத்தமே நாலு பவுண்டரி. இந்தியா 240. ஆஸ்திரேலியா 47-க்கு 3 என்றபோது நான் பாயில் நின்று கத்தினேன். நீங்க ஹெட்டையே பார்த்துக்கொண்டிருந்தீங்க. தோற்கப்போகிற ஆட்டம் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது மாமா, அத்தனை பார்த்திருக்கீங்க. 137 அடித்தார். ஆஸ்திரேலியா கடைசி ரன் எடுத்தபோது கண்ணில் நீர் முட்டி எனக்குத் திரை தெரியவில்லை. முப்பது வயது ஆள் நான்.

மறுநாள் ஆபீஸில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள், விளையாட்டுதானே விடு என்று. நீங்க அதைச் சொல்லவில்லை. அடுத்த தடவை ஜெயிப்போம் என்றும் சொல்லவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தீங்க. டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தீங்க. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து எழுந்து, டிவியின் சத்தத்தைக் குறைத்தீங்க. நிறுத்தவில்லை. நம் ஆட்கள் நிற்பதைக் கடைசிவரை நின்று பார்த்தீங்க. போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ராத்திரிதான் உங்கள் கூரைத் தகரம் என் காதில் அதிர்ந்தது.

மன்னிச்சிருங்க மாமா.

2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை, இலங்கைக்கு ஆப்கானிஸ்தானோடு முதல் ஒருநாள் ஆட்டம். பல்லேகலையில். லீவு சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை ராத்திரியே மேலே வருகிறேன். உங்கள் டிஷ்ஷுக்குப் பணம் கட்டியாயிற்று, அதில் வராவிட்டால் என் போனில் போட்டுத் தருகிறேன். கண்ணாடியைத் துடைத்து வையுங்க. ஆட்டம் உங்களுக்கு வேண்டாம் என்றால் விக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், கேமரா மேலே போகும்போது கூப்பிடுகிறேன்.

உங்கள் மருமகன்