நமக்கு மட்டும்தான் உணர்ச்சியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் மலேசியத் தேர்தல்களில் இனமும் ஓட்டும் பற்றி வந்த கட்டுரையைக் காலைப் பசியாறலோடு படித்தேன். பசியாறல் பாதியில் நின்றுவிட்டது. நகரத்துச் சீனர்கள் ஏன் அப்படி வாக்களிக்கிறார்கள் என்பதற்கு வியாபாரம், பள்ளிக்கூடம், வரி என்று காரணங்கள் இருந்தன. கெடா, கிளந்தான் மலாய்க்காரர்கள் 2022-இல் ஏன் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிப் பக்கம் போனார்கள் என்பதற்கு அரைப் பக்கம். நம்மவர் முறை வந்தபோது ஒரே வரி: இந்தியர்கள் வழக்கம்போல் உணர்ச்சிவசப்பட்டு வாக்களிப்பவர்கள். அவ்வளவுதான். இடம் போதவில்லையா, அல்லது காரணம் என்று ஒன்று நம்மிடம் இருக்காது என்று முடிவு செய்துவிட்டார்களா?

மலாய்க்காரர் மாறினால் 'பச்சை அலை'. சீனர் மாறினால், 2013-இல் அன்றைய பிரதமர் நஜிப் சொன்னாரே, 'சீன சுனாமி'. நாம் மாறினால் உணர்ச்சி. கடலும் அலையும் பெரிய இனங்களுக்கு. நமக்குக் கண்ணீர் போதும் போலிருக்கிறது.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவன். 1986 முதல் 2008 வரை ஆறு பொதுத்தேர்தல்களில் வாக்குச்சாவடியில் பணி செய்திருக்கிறேன். செபராங் பிறையில் நான் உட்கார்ந்த சாலுரானுக்கு (வாக்களிக்கும் வரிசைக்கு) ஒரு பாட்டி தவறாமல் வருவார். பழைய தோட்டத்துக்காரர். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் உரக்க வாசித்து முடிப்பதற்குள், "ஏன் வாத்தியாரே, இந்தத் தராசு எங்க இருக்கு?" என்று அதைவிட உரக்கக் கேட்பார். தராசு ஆளும் தேசிய முன்னணியின் சின்னம். அவர்கள் ஏஜென்ட் சிரிப்பார், எதிர்க்கட்சி ஏஜென்ட் தலையில் கைவைப்பார். அதெல்லாம் இங்கே கேட்கக்கூடாது பாட்டி என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்ல வேண்டியிருக்கும். 2008 மார்ச் 8-ஆம் தேதியும் வந்தார். சீட்டை வாங்கினார். ஒன்றும் கேட்கவில்லை. மறைவுக்குள் போய், மடித்து, பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்துச் சந்தையில் பார்த்தபோது, என்ன பாட்டி, தராசை மறந்துவிட்டீர்களா என்று விளையாட்டாகக் கேட்டேன். "முப்பது வருசமா பாக்குறேன் வாத்தியாரே, எங்க இருக்குன்னு இனிமே எதுக்குக் கேக்கணும்?" என்றார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தோட்டத்து லய வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததையும், அதைத் தூக்கிக்கொண்டு எத்தனை வாசல் ஏறினார் என்பதையும், ஒரு வாசலில் நோட்டீசைப் படிக்காமலே ஐந்து கிலோ அரிசி கொடுத்து அனுப்பியதையும் சந்தையில் நின்றபடியே சொன்னார். இதற்குப் பெயர் உணர்ச்சி என்றால் கணக்குக்கு என்ன பெயர்?

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியில் கண்ணீர்ப்புகை அடித்ததால் மறு ஆண்டு நாம் கொதித்துப்போய் ஓட்டுப் போட்டோம் என்பது உங்கள் கட்டுரையாளரின் கருத்து. கொதித்தோம், இல்லை என்று சொல்லவில்லை. பேராக்கின் சுங்கை சிப்புட் தொகுதியை மட்டும் அவர் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். 1974 முதல், தேசிய முன்னணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் சாமிவேலு வென்றுவந்த இடம். எதிரணியின் டாக்டர் ஜெயகுமார் 1999-இல் நின்று தோற்றார், 2004-இல் நின்று தோற்றார், 2008-இல் வென்றார். ஒன்பது வருடம் எடுத்துக்கொண்ட உணர்ச்சி! அங்கேயும் நாம் பெரும்பான்மை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இல்லையே.

என் அப்பாவின் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது எனக்கு 14 வயது. பெட்டி படுக்கையோடு எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பம் பினாங்குத் துறைமுகத்துக்குப் போனது கண்ணிலேயே நிற்கிறது. அப்போது ஆண்ட கூட்டணிக்கு (தேசிய முன்னணிக்கு முந்தையது) சின்னம் பாய்மரக் கப்பல். காகிதம் இல்லாதவர்கள் இந்தியாவுக்குப் போகும் ரஜுலா கப்பலில் ஏறினார்கள். காகிதம் இருந்த அப்பா கப்பலுக்கு ஓட்டுப் போட்டார். அது விசுவாசம் என்று மேடையில் பேசினார்கள். வீட்டில் அவர் பேசியதெல்லாம் குடிமக்களுக்குக் கொடுக்கும் நீல அடையாள அட்டையைப் பற்றித்தான். அதை ஒரு மில்க் டின்னில் வைத்து, டின்னை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்.

இன்னொன்று. எந்த அரசாங்கப் படிவத்தை எடுத்தாலும் 'பங்சா' (இனம்) என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்குத் தெரிந்து அந்தக் கட்டம் இல்லாத அரசாங்கத் தாள் வாக்குச்சீட்டுதான். சாலுரான் பிரிப்பது வயதுப்படி. ஒரு தொகுதியில் இந்தியர் இத்தனை விழுக்காடு, ஓட்டு இப்படி விழுந்தது, ஆகவே இந்தியர் இப்படிப் போட்டார்கள் என்பது கூட்டிக் கழித்துப் பார்க்கும் மதிப்பீடு. மதிப்பீடு செய்யட்டும், தப்பில்லை. மனசுக்குள் புகுந்து பார்த்ததுபோல எழுத வேண்டாம். 2024 மே மாதம் கோல குபு பாரு இடைத்தேர்தலில் நாம் சுமார் 18 விழுக்காடு என்று தெரிந்ததும் எத்தனை கட்டுரை, எத்தனை செராமா (தேர்தல் கூட்டம்)! அது முடிந்த மறுவாரம் அந்த 18 விழுக்காட்டைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே ஒரு பத்திகூட நான் பார்க்கவில்லை.

என் வீட்டிலேயே 'இந்தியர் ஓட்டு' ஒன்றாக இல்லை. 2018-இல் தேர்தலைப் புதன்கிழமை வைத்தபோதும் விடுப்பு எடுத்து, இரவோடு இரவாகக் கோலாலம்பூரிலிருந்து காரோட்டி வந்த மகள், 2022-இல் சனிக்கிழமையாக இருந்தும் வரவில்லை. டோலும் பெட்ரோலும் மிச்சம் என்றாள். மகன் அவள் எதிர்க்கும் கட்சிக்கு. 18 வயதில் தானாகவே பதிவாகிவிட்ட பேரன் யாருக்குப் போட்டான் என்பதை அவன் பாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. இவர்கள் மூவருக்கும் சேர்த்து உங்களிடம் இருந்தது ஒரு வரி.

2018-இல் இதே விஷயமாக நான் எழுதிய கடிதத்தை நான்கு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள். தீபாவளி மலரில் மட்டும் தலைவர்களின் வாழ்த்துக்கு முழுப் பக்கம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. விளம்பரம், புரிகிறது.

சொல்ல வந்தது படத்தைப் பற்றி. கட்டுரைக்கு மேலே, சேலை கட்டிய ஒரு பாட்டி மை வைத்த விரலைக் காட்டும் படம் போட்டிருந்தீர்கள். எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சமையலறை அலமாரியில் தட்டுகளுக்கு அடியில் விரித்திருந்த பழைய தாளை என் மனைவி உருவி வந்து காட்டினாள். உங்கள் பத்திரிகைதான், 2018. அதே பாட்டி, அதே விரல். 2013 பொதுத்தேர்தலில் முதன்முதலாக வைத்த மை சவர்க்காரம் போட்டதும் போய்விட்டது என்று அன்றைக்கு ஊரே சிரித்தது. உங்கள் படத்தில் மட்டும் அழியவே இல்லை.

அடுத்த தேர்தலுக்காவது வேறு படம் போடுங்கள். வேறு இல்லையென்றால் அந்தப் பாட்டி எந்த ஊர், எதற்காக வரிசையில் நின்றார் என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். அவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மு. ரா.,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பிறை, பினாங்கு.