சேலை செயினில் மாட்டிய கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். நீ கார் ஓட்டுகிற போட்டோவை அப்பா பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டார். "நம்ம ஊர்ப் பொம்பளைங்க எப்பம்மா மாறுனீங்க?" என்று கேட்டாயே, போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே, இது பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கத்தில் படித்த படிப்பு.

1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அறிவொளி வந்தபோது நீ கைப்பிள்ளை. ஷீலாராணி சுங்கத் அம்மா கலெக்டர். பகலெல்லாம் குவாரியில் ஜல்லி உடைத்த கை. ராத்திரி பிடித்தால் பல்பம் ஒடிந்து ஒடிந்து போகும். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? வாடகைக்குக் கிடைத்தது பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான். முதல் நாளே கொசுவம் செயினில் மாட்டி, கண்மாய்க் கரையில் விழுந்தேன். சேலையைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். டீக்கடைத் திண்ணையில் ஒரே சிரிப்பு. உன் அப்பத்தா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

சிரிப்பு எப்போது நின்றது தெரியுமா? கேரியரில் ரெண்டு குடம் தண்ணீரும், மில்லுக்கு நெல்லும் நானே கொண்டுபோக ஆரம்பித்ததும். அப்பாவுக்கு வேலை மிச்சம், எனக்கு வேலை ரெட்டிப்பு! ஆனால் பஸ்ஸுக்கும் ஆளுக்கும் காத்திருந்தது போச்சு. உனக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி யாரையும் எழுப்பாமல், உன்னைத் துண்டால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். மறுநாள் அப்பத்தாவே, "டயரில் காற்று இருக்கா பாரு" என்றார்.

மாவட்டத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டப் பழகினோம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நீ பிளஸ் ஒன் போனபோது அரசாங்கமே சைக்கிள் கொடுத்தது. நீ மிதித்துப் போனாய், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக்கூட அது பெரிதாகத் தோன்றவில்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் காசும் இல்லை.

எல்லாமே மாறிவிட்டது என்று அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. ஊர்த்தெரு வேறு, நம் தெரு வேறாகத்தான் இன்னும் இருக்கிறது. சுடுகாடும் அப்படியே.

பழைய சைக்கிள் கொட்டகையில் நிற்கிறது. டியூப் மாற்றச் சொல்லியிருக்கிறேன். லீவுக்கு வரும்போது பேத்திக்குச் சுடிதார் எடுத்துவா, பாவாடை வேண்டாம்.

அம்மா