ஜவுளிக் கல்லூரி ஆய்வகங்களுக்கு மின்கட்டணமும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜவுளித் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் அறக்கட்டளைகளும் ஆலைகளும் சோதனைக் கருவிகள் வாங்கித் தருகின்றன. ரிப்பன் வெட்டும் படமும் நாளிதழில் வந்துவிடுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் கருவி இருக்கும் அறையின் குளிர்சாதனத்தை மாலை 5 மணிக்கு அணைத்துவிட்டால், அங்கே எடுக்கும் சோதனை முடிவை எந்த நூற்பாலையும் நம்பாது. கருவியோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த அறையை ஓட்டும் செலவையும் கொடுப்பவர்கள் ஏற்க வேண்டும்.

பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் சோதனை அறையில் ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதம் இருக்க வேண்டும், 2 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்று நம் நாட்டுத் தரநிலை சொல்கிறது. வெப்பம் 27 டிகிரி. ஏற்றுமதி வாங்குபவர் கேட்டால் 20 டிகிரி. கோடையில் சாதாரண அறையில் ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு இறங்குவது சகஜம். அப்போது நூலின் எடை சுமார் 2 சதவீதம் குறையும். 40-ம் நம்பர் நூலில் ஒரு லீ, அதாவது 120 கெஜம், 1.62 கிராம் இருக்க வேண்டும். காய்ந்த அறையில் 1.59 கிராம்தான் காட்டும். லீக்கான மாறாத எண் 64.8-ஐ இந்த எடையால் வகுத்தால் கவுன்ட் (நூலின் நம்பர்; கூடினால் நூல் மெல்லியது) 40.75 என்று வரும். முக்கால் கவுன்ட் வித்தியாசம் ஆலையில் சின்ன விஷயம் இல்லை. நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃபிரேமில், பழையது என்றால், இந்த அளவு விலகலுக்கு டிராஃப்ட் பினியனில் (பஞ்சு இழுபடும் அளவை மாற்றும் பல்சக்கரத்தில்) ஒரு பல்லை மாற்றிவிடுவார்கள். கல்லூரி ரிப்போர்ட்டை நம்பி மாற்றினால் சரியான நூல் கனத்துப்போகும், கிலோவுக்கு 20 கிராம் பஞ்சு கூடுதலாகப் போகும். காய்ந்த பருத்தி நூலின் வலிமையும் குறைவதால், கவுன்ட்டையும் வலிமையையும் பெருக்கிச் சொல்லும் சிஎஸ்பி எண்ணும் தவறாக வரும். ஒருமுறை இப்படி நடந்தால் அந்த ஆலை அடுத்த சாம்பிளை அனுப்பாது. தொழில்-கல்வி ஒப்பந்தம் சுவரில் மாட்டிய சட்டத்தோடு முடிந்துவிடும்.

காலையில் வந்து ஏசியைப் போட்டு இரண்டு மணி நேரத்தில் சோதனையைத் தொடங்குவதும் தீர்வாகாது. அறையின் மீட்டர் 65-ஐக் காட்டும். கோனுக்குள் (நூல் சுற்றிய கூம்புக்குள்) இருக்கும் நூல் அந்த நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். மழைக்காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈரமாக வந்த நூல் காய்ந்து 65-க்கு வரும்போது, காய்ந்த நிலையிலிருந்து 65-க்கு ஏறிய நூலைவிடக் கொஞ்சம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே சாம்பிளை முதலில் 50 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில், 10 முதல் 25 சதவீத ஈரப்பதத்தில் உலர்த்தி, பிறகே சோதனை அறைக்குள் கொண்டுவர வேண்டும். இதற்கு ஒரு உலர்த்தும் பெட்டி போதும். நன்கொடைப் பட்டியலில் அது இடம்பெறுவதே இல்லை.

ஓட்டும் செலவு என்பதில் எதெல்லாம் அடங்கும்? 24 மணி நேரமும் ஓடும் ஈரப்பத அமைப்பும் அதற்கான மின்சாரமும், மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு, எண்ணெயும் நீரும் கலக்காத அழுத்தக் காற்று, ஆண்டு அளவுத்திருத்தம், பஞ்சின் தரத்தை அளக்கும் எச்விஐ கருவிக்கு அமெரிக்க வேளாண் துறை விற்கும் அளவுத்திருத்தப் பஞ்சு, பிற ஆய்வகங்களோடு ஒப்பிடும் சோதனைக்கான கட்டணம், இவற்றோடு முழுநேர டெக்னீஷியன் ஒருவர். இதில் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் கருவியின் விலையில் கைவையுங்கள், டெக்னீஷியனை விடாதீர்கள். நன்றாகப் பராமரிக்கும் பழைய ஊஸ்டர் (நூலின் சீர்மையை அளக்கும் கருவி), கவனிப்பாரில்லாத புதியதைவிட மேல்.

நிறுவன சமூகப் பொறுப்பு நிதியில் சம்பளத்துக்கு இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத உச்சவரம்பு இருப்பது உண்மை. அது நிறுவனத்தின் பொது நிர்வாகச் செலவுக்குத்தான். திட்டத்தை நேரடியாக நடத்தும் ஊழியரின் சம்பளம் அதில் சேராது. ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தால், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக 3 நிதியாண்டுகள் வரை செலவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: நிதி கொடுத்த ஆலை தன் சாம்பிளை மட்டும் இலவசமாகச் சோதித்துக்கொண்டால் அது சொந்த வியாபாரச் செலவு என்ற கேள்வி வரும். எல்லாருக்கும் ஒரே கட்டணப் பட்டியலை வைத்து, அந்த ஆலையும் பணம் கட்டுவதே சரி.

மாணவர் புராஜெக்ட்டுகள் சோபிக்காததற்கு சாம்பிள் எடுக்கும் முறை முக்கியக் காரணம். ஆலையில் இரண்டு கோன்களைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு கோனில் பல காப்களின் (ரிங் ஃபிரேமில் நூல் சுற்றும் சிறு குழல்களின்) நூல் ஒட்டிச் சேர்ந்திருக்கும். குறை எந்தக் கதிரில் (காப் சுழலும் தண்டில்) உண்டானது என்று அதில் கண்டுபிடிக்க முடியாது. கதிர் எண் எழுதிய 10 காப்களாவது வேண்டும். அவை கிடைத்தால் மாணவருக்கு உண்மையான பாடம் கிடைக்கும். ரிங் ஃபிரேமின் முன் கீழ் உருளை 27 மி.மீ. விட்டம் என்றால் அதன் சுற்றளவு சுமார் 8.5 செ.மீ. அதன் மையம் விலகியிருந்தால் குறை எவ்வளவு நீளத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தில் 8.5 செ.மீ. இடத்தில் கூர்மையாக ஒரு கம்பம் எழும். மேலே இருக்கும் ரப்பர் உருளை 30 மி.மீ. என்றால் கம்பம் 9.4 செ.மீ.-ல் வரும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மேல் உருளை இரண்டு கதிர்களுக்குத்தான் பொது. கீழ் உருளை கெட்டால் அக்கம்பக்கத்துக் கதிர்கள் பலவற்றிலும் குறை தெரியும். அதே விட்டமுள்ள பின் உருளையில் பழுது என்றால், டிராஃப்ட் 30-ஆக (பஞ்சு 30 மடங்கு இழுபடுவதாக) இருக்கும்போது, கம்பம் 2.5 மீட்டருக்குத் தள்ளிப்போகும். கணக்குப் போட்டுவிட்டு ஆலைக்குப் போய், சந்தேகப்படும் மேல் உருளையை வேறு கதிர்களுக்கு மாற்றிப்போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். குறையும் கூடவே நகர்ந்தால் விடை கிடைத்தது. ஆலைக்கும் இதில் நேரடி லாபம் இருப்பதால், அடுத்த ஆண்டு மாணவரை அவர்களே கேட்பார்கள்.

சாயப்பட்டறைகளிலும் இப்படி வேலைகள் காத்திருக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்து மீட்ட உப்புநீரில் ரியாக்டிவ் சாயம் (பருத்தியோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயம்) போடும்போது, அதில் மிச்சமிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் நிறத்தை மங்கச் செய்கின்றன. ஒரே ஷேடைப் புதிய உப்பிலும் மீட்ட நீரிலும் போட்டு ஒப்பிட, ஒரு பருவமும் சின்ன சாயமிடும் கருவியும் போதும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1956-ல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா, ஆலைகளின் உற்பத்தி, செலவு, நூல் தரம் பற்றிய விவரங்களைத் திரட்டி ஒப்பிட்டுத் தருகிறது. ஆலைகள் தங்கள் எண்களை அங்கே கொடுப்பதற்குக் காரணம், எந்த ஆலையுடையது என்பது வெளியே போகாது என்ற நம்பிக்கை. கல்லூரியோடு போடும் ஒப்பந்தத்திலும் அந்த ஷரத்து தெளிவாக இருக்க வேண்டும். முடிவு எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையும் எழுதிவிடுங்கள். சாம்பிள் பதப்பட ஒரு நாள் தள்ளி, மூன்றாம் நாள் முடிவு வந்தால் ஆலைக்கு உதவும். செமஸ்டர் முடிந்து புத்தகமாக பைண்ட் செய்து வந்தால், அந்த நூல் அதற்குள் துணியாகிக் கப்பல் ஏறியிருக்கும்.

இப்படிக்கு,
நூற்பாலைத் தரக்கட்டுப்பாட்டுத் துறையினர் சிலர்,
கோயம்புத்தூர்.